தவளை அண்ணாச்சியின் கைராசி

சாக்குக்குள் வலது கையை முழங்கை வரை விட்டு, பார்வையைக் கூரையில் நிறுத்திக்கொண்டு, உச்சிமாகாளி ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறார். “ஆணு.” இடது தொட்டியில் ஒரு துள்ளல். “பொண்ணு.” வலது தொட்டியில் ஒரு துள்ளல். “ஆணு... ஆணு... இது பொண்ணு, வயத்துல முட்டை இருக்கு, தனியாப் போடணும்.” மழைக்காலத்தில் தவளையின் முன்னங்கால் பெருவிரலடி தடித்திருந்தால் அது ஆண். அந்தத் தடிப்பைக் கண்டுபிடிக்க எம்.எஸ்ஸி. படிக்கிறவர்களுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், சில பேருக்கு லென்ஸும் வேண்டும். உச்சிமாகாளிக்கு இருட்டுச் சாக்கு போதும். ஐம்பது தவளையை அவர் பிரித்து முடிக்கிற நேரத்தில் டியூட்டர் சார் தன் கண்ணாடியைத் துடைத்துக்கூட முடித்திருக்க மாட்டார்.

திருவனந்தபுரத்தில் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறைக்கும், சுற்றியுள்ள நாலைந்து கல்லூரிகளுக்கும், அறுத்துப் படிக்கத் தவளை கொண்டுவந்து கொடுப்பது அவர் தொழில். ஹாஜர் புத்தகத்தில் அவர் பெயர் கிடையாது. சம்பளமும் கிடையாது, தவளைக்கு இவ்வளவு என்று கணக்கு. ஆனாலும் ஆராய்ச்சிக்கூடத்துக் கதவை வாட்ச்மேனுக்கு முன்னால் திறக்கிறவர் அவர்தான். தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, பாட்டில்களைக் கழுவுவது, எந்த அலமாரியில் எந்தப் பாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது என்று ஞாபகம் வைத்திருப்பது எல்லாம் யாரும் சொல்லாமலேயே அவர் தலையில் ஏறிக்கொண்ட வேலைகள். பேராசிரியர் முதல் கேன்டீன்காரர் வரை எல்லோருக்கும் அவர் ‘தவளை அண்ணாச்சி’.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் இங்கே கல் சுமக்க வந்தார். இந்தத் துறைக் கட்டடத்துக்கே கல் சுமந்தார். “அன்னைக்குக் கல்லைச் சுமந்தேன், இன்னைக்கு உள்ள இருக்க படிப்பைச் சுமக்கேன். நான் நவுந்துக்கிட்டா ரெண்டும் விழுந்துரும்,” என்பார். படிப்பு எதுவரை என்று யாராவது கேட்டுவிட்டால் அவர் வெட்கப்படுவதில்லை. “மூணாங்கிளாஸ் முடிச்சேன். நாலாங்கிளாஸு வாத்தியாரு செத்துப் போனாரு. அது என் குத்தமா?”

விடியற்காலை வெள்ளாயணி வயலிலிருந்து முதல் பஸ்ஸில், சொட்டச் சொட்ட ஈரச் சாக்குடன் ஏறுவார். கண்டக்டர் தினமும் கேட்பார். “எந்தா அண்ணாச்சி சாக்கில்?”

“கீரை.”

அந்த நேரம் பார்த்துச் சாக்கு கத்தும்.

“கீரை கத்துமோ?”

“வெள்ளாயணிக் கீரை கத்தும், சாரே. உங்க ஊரு மண்ணு அப்படி.”

ஒருமுறை மனைவி மாடம்மாளுக்கு வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நீண்ட வரிசை. நேரே டாக்டரிடம் போய், “சார் எந்தக் காலேஜுல படிச்சிய?” என்று கேட்டார். டாக்டர் சொன்னார். “அப்போ என் தவளையத்தான் அறுத்திருப்பிய. இந்த ஊருல எவன் கத்தி பிடிச்சாலும் முதக்கத்தி என் தவளை மேலதான்.” டாக்டர் சிரித்துவிட்டு மாடம்மாளை முதலில் பார்த்தார். உச்சிமாகாளி அதை இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இவ்வளவு பேசுகிற மனிதர் குளோரோஃபாம் பாட்டிலைத் திறந்தால் வெளியே போய்விடுவார். கொச்சியிலிருந்து கப்பலில் ஏற்றுகிற ஏஜெண்டுகள் வந்து, தவளைக்காலுக்கு இரண்டு மடங்கு விலை தருகிறோம் என்றபோது வாசலிலேயே நிறுத்திவிட்டார். “திங்கறதுக்குப் பிடிக்க மாட்டேன். படிக்கறதுக்குத்தான்.” ‘படிக்கறதுக்கு’ என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் சற்று இறங்கும்.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் அவருக்குப் பட்டாபிஷேகம். ஏப்ரல் மாதம் துறையின் ஜீப் பொன்முடிக்குப் போகும். மலை ஓடைகளில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று பார்த்துச் சேகரித்து வருவார்கள். அன்று உச்சிமாகாளிக்கு முன்சீட்டு. இருபத்திரண்டு கொண்டைஊசி வளைவுகளிலும் டிரைவருக்கு அவர் வழி சொல்லுவார். டிரைவருக்கு அந்த வழி அவரைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் கேட்டுக்கொள்வார். தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கிற நம் ஊர்ச் சனங்கள், பேராசிரியருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து போகிற அவரைப் பார்த்து, “அண்ணாச்சி எந்த ஆபீசரு?” என்று ஒருவரையொருவர் கேட்டதாக அவரே சொல்வார்.

எழுபத்து நான்காம் வருஷம் கோடையில் அந்த முன்சீட்டில் வேறு ஆள் உட்கார்ந்தது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் ஆராய்ச்சிப் பயிற்சி என்று பல்கலைக்கழகம் அந்த வருஷம் ஒன்றைத் தொடங்கியது. பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுத்த பன்னிரண்டு பேர். ஏப்ரல், மே இரண்டு மாதம். ஆளுக்கொரு மேஜை, மைக்ராஸ்கோப், கெட்டி அட்டை போட்ட நோட்டு. கடைசி நாளில் எல்லாப் பேராசிரியர்களுக்கும் முன்னால் நின்று, தான் கண்டுபிடித்ததை வாசிக்க வேண்டும். சிறந்த ஒன்றைத் துறையின் பத்திரிகையில் அச்சடிப்பார்கள்.

“ஆராய்ச்சியா?” என்றார் உச்சிமாகாளி. “முதல்ல மூக்கு ஒழுகறது நிக்கட்டும்.”

விலங்கியலுக்கு மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் மேஜையை விட்டு எழவில்லை. மூன்றாவது, பாகீரதி. வலியசாலை அக்ரஹாரத்துப் பெண், பதினைந்து வயது, அப்பா ஏஜீஸ் ஆபீசில் கிளார்க். ரெட்டைப் பின்னல், பாவாடை தாவணி, பின்பக்கம் தேய்ந்த ரப்பர் செருப்பு. வாயைத் திறந்தால் கேள்வி. பாட்டிலுக்குள் இருக்கிற ஓணானிடம்கூட ஏதாவது கேட்டுக்கொண்டிருப்பாள் போலிருக்கும்.

ஜீப் புறப்படும்போது பேராசிரியர் ஸ்ரீகண்டன் சொன்னார். “அண்ணாச்சி பின்னாடி இருந்நோளூ. இந்தக் குட்டி முன்னால இருக்கட்டும். வளைவுல சர்தி வரும்னு அவ அச்சன் சொல்லி.”

வாந்தி வருகிறவளுக்கு முன்சீட்டு. முப்பது வருஷமாக ஒரு நாளும் வாந்தி எடுக்காதவர், பக்கெட்டுகளுக்கும் வலைகளுக்கும் நடுவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். இருபத்திரண்டு வளைவிலும் அவள் வாந்தி எடுப்பாள், எடுப்பாள் என்று காத்திருந்தார். எடுக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் வெளியே கைகாட்டி, “சார், அது என்ன?” என்று கேட்டுக்கொண்டே போனாள்.

மேலே ஓடையோரம், நடைபாதையை ஒட்டி ஒரு செங்குத்துப் பாறை. அதன்மேல் எப்போதும் ஈரம் வழிந்துகொண்டிருக்கும். எல்லோரும் ஓடைக்குள் இறங்கி வலை போட்டுக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் அந்தப் பாறையின் முன்னால் மூக்கு உரசுகிற மாதிரி நின்றாள்.

“சார், இங்கே தலைப்பிரட்டை இருக்கு. தண்ணிக்குள்ளே இல்லே, பாறை மேலே! ஒட்டிண்டிருக்கு. இதோ, தத்தறது!”

ஸ்ரீகண்டன் முழங்கால் தண்ணீரிலிருந்து ஓடி வந்தார். பார்த்தார். ஒரு விரலால் தொட்டார். அது பாறை மேலேயே துள்ளி நகர்ந்தது. “எடீ பெண்ணே!” என்று கையைத் தட்டினார். “புத்தகத்துல வாசிச்சிருக்கேன், கிளாசிலே பதினெட்டு வருஷமா எடுத்திருக்கேன். என் கண்ணாலே இன்னைக்குத்தான் காணுறேன். நாங்க எல்லா வருஷமும் நடக்கிற பாதை! ஒருத்தர்க்கும் கண்ணில்லாமப் போச்சே!”

எல்லோரும் கைதட்டினார்கள். டிரைவரும் தட்டினார்.

உச்சிமாகாளி தட்டவில்லை. அந்தப் பாறைக்குஞ்சை அவர் பதினைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கோடைமழை ஒன்று விழுந்ததும் அவை அங்கே வந்துவிடும் என்று தெரியும். வாலை வைத்து உந்தும், பகலில் பாசிக்குக் கீழே போகும், எல்லாம் தெரியும். அவரிடம் தவளை கேட்டார்கள், கொடுத்தார். குஞ்சைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது, நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பெண் ஒரு தடவை பார்த்தாள். கைதட்டல் அவளுக்கு.

அன்று சாயங்காலம் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. மாடம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன ஆச்சு உங்களுக்கு? சாக்கு கிழிஞ்சு போச்சா?”

“பாறைக்குஞ்சை அவ கண்டுபிடிச்சாளாம். நான் அப்பமே பாத்தது.”

“பாத்தியளா? பாத்ததும் சொல்ல வேண்டியதுதானே.”

“எவன் கேட்டான்?”

“ஒரு சின்னப்புள்ள மேல பொறாமைப்படுதியளே, உங்களுக்கே நல்லா இருக்கா? அந்தப் புள்ளைக்கு உங்க மக வயசுகூட இல்ல.”

“பொறாமையா? எனக்கா?” என்று அவர் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

நாற்பது பாறைக்குஞ்சுகளை ஈரப்பாசியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். அவைதான் பாகீரதியின் ஆராய்ச்சி. தண்ணீருக்கு வெளியே எவ்வளவு நேரம் இருக்கும், எப்போது கால் முளைக்கும், எப்போது வால் சுருங்கும், எல்லாவற்றையும் தினமும் பார்த்து எழுத வேண்டும். அகலக் கண்ணாடித் தொட்டியில் ஒரு கல்லைச் சாய்த்து வைத்தாள். பேராசிரியர் மறுநாள் எறணாகுளத்தில் பரீட்சைக் கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது, திரும்ப நாலு நாள் ஆகும். போகும்போது இரண்டு பேரையும் நிறுத்திச் சொன்னார்: “மோளே, எது வேணுமானாலும் அண்ணாச்சிகிட்ட கேட்டா மதி. இங்கே ஒரு தவளையும் அண்ணாச்சி கையிலே செத்ததில்லே.”

பேராசிரியருக்குத் தெரிந்தவரை அது உண்மை. ஆனால் தொழிலுக்கு வந்த முதல் வருஷம் ஒரே நாளில் எண்பது தவளை அவர் கையில் தோல் உரிந்து செத்திருந்தது. அன்று தொட்டியை முகர்ந்து பார்த்தார். ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. நகரக் குழாய்த் தண்ணீரில் கிருமிக்கு மருந்து கலக்கிறார்கள், அந்த மருந்து தவளைக்கு ஆகாது என்று எந்தப் புத்தகமும் இல்லாமல் அவரே புரிந்துகொண்டார். அதன்பின் கட்டடத்துக்குப் பின்னால் பலாமரத்தடியில் இரண்டு சிமெண்டுத் தொட்டி கட்டினார். குழாய்த் தண்ணீரை அதில் நிரப்பி இரண்டு நாள் வெயிலில் போட்டுவிட்டு, மூன்றாம் நாள்தான் தவளைக்கு ஊற்றுவார். கோடையில், மருந்து அதிகம் போடுகிற நாளில், மூன்று நாள். இத்தனை வருஷமாக ஆராய்ச்சிக்கூடத்துக்கு அந்தத் தண்ணீர்தான். அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. தண்ணீர் ஊற்றுவது அண்ணாச்சி வேலை, அவ்வளவுதான்.

பாகீரதி காலிப் பக்கெட்டுடன் வந்து நின்றாள். “அண்ணாச்சி, தண்ணி எங்கே பிடிக்கணும்?”

அவர் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. தாடையால் சுவரோரத்துக் குழாயைக் காட்டினார்.

“அந்தா இருக்கே.”

அவள் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் அவர் கழுவின பாட்டிலையே மூன்று முறை கழுவினார். பெரிய படிப்புக்காரி, அவளுக்கே தெரிந்திருக்கும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை கதவைத் திறந்தவர் அவர்தான். கண்ணாடித் தொட்டியில் வெள்ளை வயிறுகள் மிதந்தன. பார்த்துவிட்டு, வெளியே போய் ஒரு பீடியைப் பற்றவைத்தார், அது பாதியிலேயே அணைந்தது. அவள் எட்டரை மணிக்கு வந்தாள். தொட்டியைப் பார்த்து நின்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழவில்லை. ஒரு கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து எண்ணினாள். இருபத்தேழு. சாய்த்து வைத்த கல்லின்மேல், பாசியில் ஒட்டிக்கொண்டிருந்த பதிமூன்று மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அவற்றை ஈரப்பாசிக்கு மாற்றினாள். நோட்டில் எழுதினாள். பிறகு ஆராய்ச்சிக்கூடத்தைச் சுற்றி வந்து, அவருடைய தவளைத் தொட்டிக்கு முன்னால் குனிந்து நின்றாள்.

“அண்ணாச்சி, உங்க தவளை மட்டும் ஏன் சாகறதில்லே?”

முப்பது வருஷத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்ட முதல் ஆள் அவள். அந்தக் கேள்விக்காக அவர் எத்தனை வருஷம் காத்திருந்தார் என்று அவருக்கே அந்த நிமிஷம்தான் தெரிந்தது. நாக்கு நுனிவரை பதில் வந்தது. கேட்பது அவளாக இல்லாமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

“அது கைராசி, பாப்பா. எல்லாருக்கும் வாய்க்காது.”

அவள் அதையும் எழுதிக்கொண்டாள். அவருக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த நாள் காலையில் மேஜைமேல் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் ஏழு குஞ்சு, இன்னொன்றில் ஆறு.

“இது உங்க கிண்ணம் அண்ணாச்சி, ஏழு இருக்கு. இது என் கிண்ணம். உங்களுதுக்கு நீங்க தண்ணி ஊத்துங்கோ, என்னுதுக்கு நான் ஊத்தறேன். கைராசிதான்னா உங்களுது பிழைக்கும், என்னுது செத்துப் போகும். நாளைக்குப் பார்த்து எழுதிக்கறேன்.”

“ரெண்டையும் நானே ஊத்திட்டா எல்லாமே பிழைச்சுக்கிடும்லா?”

“அப்போ கையாலேதானான்னு எப்படித் தெரியும்?”

உச்சிமாகாளி பக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். இடது பக்கம் குழாய். வலது பக்கம் பலாமரத்தடித் தொட்டி. குழாயில் பிடித்தால் ஏழும் நாளைக்குச் செத்துக் கிடக்கும், அண்ணாச்சி கையில் தவளை செத்தது என்று அவள் நோட்டில் ஏறிவிடும். தொட்டியில் மொண்டால் அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தொட்டிக்கே போனார். கைராசி என்று ஒன்று இருப்பதாக அவரே கொஞ்சம் நம்பத் தொடங்கியிருந்தால் இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது.

“குழாய்க்குப் போகலையே?” என்றாள்.

“என் கைக்கு இதுதான் பழக்கம்.”

கிண்ணத்தில் ஊற்றினார். அவள் தன் ஆறு குஞ்சுள்ள கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள். குழாயைத் திருகினாள். முதலில் காற்றுதான் வந்தது. குழாய் இருமியது.

“மூடு அதை.”

“ஏன் அண்ணாச்சி?”

“மூடுன்னா மூடேன் புள்ள!”

“காரணம் சொல்லுங்கோ, எழுதிக்கறேன்.”

தண்ணீர் வந்துவிட்டது. அவள் கிண்ணத்தை அதற்கடியில் கொண்டுபோகவில்லை, ஆனால் கையில் ஏந்தியபடி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் போய்க் குழாயை மூடினார்.

“அதுல மருந்து கலக்குதான். குஞ்சுக்கு ஆகாது. தொட்டியில ரெண்டு நாள் வெயில்ல கிடந்தா மருந்து போயிரும். கையுமில்ல, ராசியுமில்ல. போதுமா?”

அவள் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள். எழுதத் தொடங்கிய கை நின்றது.

“இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

அவர் மூடின குழாயை இன்னொரு முறை இறுக்கினார்.

“நான் கேட்டேனே அண்ணாச்சி. நீங்கதானே குழாயைக் காட்டினேள்?”

“தெரியும். எனக்கு எல்லாம் தெரியும். அந்தப் பாறைக்குஞ்சை நான் பதினஞ்சு வருசமாப் பாக்கேன். மழைக்கு எத்தனாம் நாளு வரும்னு தெரியும், எந்தப் பாசிக்குள்ள ஒளியும்னு தெரியும். ஒருத்தன் கை தட்டினானா எனக்கு? நீ ஒரு நாளு வந்த. ஜீப்புல முன்னால உக்காந்த. ஒரு வாட்டி எட்டிப் பாத்த...” தான் இவ்வளவையும் ஒரு பதினைந்து வயசுப் பெண்ணிடம், குழாயடியில் நின்று சொல்லிக்கொண்டிருப்பது அப்போதுதான் அவர் காதிலேயே விழுந்தது.

“இருபத்தேழு, அண்ணாச்சி,” என்றாள் பாகீரதி.

தன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பலாமரத்தடிக்குப் போய், அவருடைய தொட்டியில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். திரும்பி வரும்போது, “நிரூபணத்துக்கு அந்த இருபத்தேழே போறும். இந்த ஆறு வேண்டாம்,” என்றாள். அது அவரிடம் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா என்று தெரியவில்லை.

பேராசிரியர் திரும்பி வந்தார். உச்சிமாகாளி அன்றைக்கு விலகி விலகி நடந்தார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், துறையின் கதவு அவருக்கு மூடிவிடும். சாயங்காலம் வரை யாரும் கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. அவள் அவரிடம் பேசுவதைக் குறைத்திருந்தாள். “அண்ணாச்சி, தண்ணி” என்பாள், அவ்வளவுதான். முன்பு அந்தக் கேள்விகள் அவருக்குக் கொசுக்கடி மாதிரி இருந்தன. இப்போது கேட்காமல் இருப்பது அதைவிடக் கடித்தது. தினமும் இரண்டு வேளை தண்ணீரை மாற்றினார். பொன்முடிப் பக்கம் போனக்காடு தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற ஒரு லாரிக்காரரிடம் சொல்லி மலைப்பாசி வரவழைத்து, ஒன்றும் பேசாமல் அவள் மேஜையில் வைத்தார். நாலு குஞ்சுகள் வழியில் போயின. ஒன்பதுக்குக் கால் முளைத்தது. மே மாதக் கடைசியில், வால் சுருங்கிச் சிறுவிரல் நகம் அளவில் ஒன்பது தவளைகள் கண்ணாடியில் ஏறி உட்கார்ந்தன.

கடைசி நாள் பெரிய ஹாலில் கூட்டம். ஒன்பது தவளையும் இருந்த கிண்ணத்தைக் கொண்டுவந்து மேடை மேஜையில் வைத்தது உச்சிமாகாளிதான். வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். பாகீரதி வாசித்தாள். எல்லாம் இங்கிலீஷ். ஒரு சொல்லும் அவருக்குப் புரியவில்லை. நடுவில் ஓரிடத்தில் அவள் குரல் கொஞ்சம் தடைப்பட்டது. பிறகு வாசித்துக்கொண்டே போனாள். முடிக்கிற நேரத்தில், அத்தனை இங்கிலீஷுக்கு நடுவில், ‘உச்சிமாகாளி’ என்று அவர் பெயர் தெளிவாக விழுந்தது. முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பிக் கதவைப் பார்த்தன. அவர் கை தானாகப் போய்ச் சட்டையின் மேல்பித்தானைப் போட்டது. புகழ்ந்தாளா, மாட்டிவிட்டாளா என்று தெரியாமலேயே அந்தக் கைதட்டல் முழுவதும் அவர் நின்றார்.

வெளியே வந்ததும் ஸ்ரீகண்டன் அவர் தோளில் கைவைத்தார். “அண்ணாச்சி, இவ்வளவு காலம் இந்தத் தண்ணீர் விஷயம் எங்களோட பறஞ்சில்லே? உச்சிமாகாளி என்ற ஒருத்தர் பயன்படுத்துற முறைன்னு அந்தக் குட்டி எழுதியிருக்கா. அவளுடையதுதான் அச்சுக்குப் போகுது.”

“செத்துப் போச்சே சார், அந்த இருபத்தேழு? அதைப் பத்தி?”

“அதும் எழுதியிருக்கா. சோதிச்சுப் பார்க்காமல் குழாய்த் தண்ணி ஊத்தியது தன் தப்புன்னு.”

அதையும் அவளே எடுத்துக்கொண்டாளா! பாறைக்குஞ்சை எடுத்துக்கொண்டாள், முன்சீட்டை எடுத்துக்கொண்டாள், சரி. அவர் செய்த தப்பு ஒன்றுதான் யாருக்கும் தெரியாமல் அவர் கையிலேயே இருந்தது. ஊர் முன்னால் நின்று அதையும் தன்னுடையது என்று வாசித்துவிட்டாள். அவரால் அது முடிந்திருக்காது. அதற்காகவும் அவருக்கு அவள்மேல் எரிச்சலாக இருந்தது.

வராந்தாவில் அவள் அப்பாவுக்காகக் காத்து நின்றாள். கையில் தட்டச்சடித்த தாள்கள். உச்சிமாகாளி அவள் பக்கத்தில் போய் நின்றார்.

“என் பேரு எங்க இருக்கு?”

அவள் தாள்களைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தில், அடியில், ஒரு வரிக்குக் கீழே விரலை வைத்தாள்.

“கடைசியிலயா?”

“நன்றி சொல்றதெல்லாம் கடைசியிலேதான் வருமாம் அண்ணாச்சி. சார் சொன்னார்.”

“உன் பேரு?”

முதல் பக்கத்தைக் காட்டினாள். நடுவில், தனியாக இருந்தது.

அவர் தாள்களை வாங்கிக்கொண்டார். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து அவள் பெயரின் நீளத்தை அளந்தார். கடைசிப் பக்கத்துக்குப் போய்த் தன் பெயரின் மேல் வைத்துப் பார்த்தார். அவர் பெயர் ஒரு நெல் அளவு குறைந்தது.

“எங்கப்பன் பேரு விட்டுப் போச்சு,” என்றார்.

“உங்க அப்பா பேர் என்ன?”

“ஆறுமுகசாமி.”

பாகீரதி பேனா மூடியைக் கழற்றினாள். “ஏ-ன்னு ஒரு எழுத்துப் போட்டாப் போறுமா?”

“ஒத்தை எழுத்து எதுக்கு? முழுசாப் போடு.”

குழாயடிக்குப் பிறகு முதல் தடவையாக அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாளைச் சுவரில் வைத்து அழுத்தி, உச்சிமாகாளிக்கு முன்னால் இருந்த இடத்தில் ஆறுமுகசாமியை முழுசாக எழுதி, மை காய ஊதிக் கொடுத்தாள்.

அவர் மறுபடி முதல் பக்கத்தைப் புரட்டினார். இரண்டு விரலையும் அவள் பெயரின் இரண்டு முனைகளிலும் வைத்து, அந்த இடைவெளி கலைந்துவிடாமல் கையைத் தூக்கி, காற்றில் மெதுவாகக் கடைசிப் பக்கத்துக்குக் கொண்டு போனார்.